புரதப் படிகத்துக்காக விண்வெளி வரை போக வேண்டுமா?

கேட்டிருப்பது: "பூமியில் இத்தனை ஆய்வகங்கள் இருக்கும்போது, புரதப் படிகங்களை விண்வெளியில் வளர்ப்பது ஏன்?"

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அப்பத்தா பனங்கற்கண்டு போடுவார். பதநீரைப் பாகாகக் காய்ச்சிப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, வாயை மூடி வைத்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கிட்டே போகக் கூடாது. "ஆட்டுனா தூளாப் போயிரும் கண்ணு" என்பார்.

பிற்பாடு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் அதையேதான் செய்தேன், பாகுக்குப் பதில் புரதம். புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சுவார்கள். கண்ணாடிச் சில்லில் 2 மைக்ரோலிட்டர் புரதத் துளி. அதை உப்புக் கரைசல் இருக்கும் குழிக்கு மேலே கவிழ்த்து வைத்துக் காத்திருப்பது. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற புரதம் சமர்த்தாகப் படிகமாகும். என் புரதமோ மாதக்கணக்கில் வெறும் தூள். பக்கத்தில் இருந்த குளிர்ப்பெட்டியின் அதிர்வுதான் காரணம் என்று புலம்பினேன். "ஆட்டம் பாதிதான், மீதி துளிக்குள்ளேயே நடக்குது" என்றார் வழிகாட்டி.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த மீதியில் இருக்கிறது. மூலக்கூறுகள் படிகத்தில் ஒட்ட ஒட்ட, அதைச் சுற்றியுள்ள கரைசல் நீர்த்து லேசாகும். லேசானது மேலே எழும். அந்த இடத்துக்குச் செறிவான கரைசல் பாயும். இப்படி அவசரமாகத் தீனி வந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காகத் திரும்பி உட்கார நேரமில்லை, அழுக்கும் சேர்ந்து ஒட்டும். வளரும் படிகம் அடியில் விழுந்து மற்றதோடு ஒட்டிக்கொள்வது வேறு. சுற்றுப்பாதையில் எல்லாமே ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால் லேசு, கனம் என்ற பேதம் எடுபடாது. நீர்த்த கரைசல் படிகத்தைச் சுற்றி அப்படியே நிற்கும். மூலக்கூறுகள் மெல்ல ஊர்ந்து வரும். கட்டியாகிப்போன பெரிய அழுக்கு இன்னும் மெதுவாக வரும். அடுக்கு சீரானால் கதிர் சிதறி விழும் எக்ஸ் கதிர்ப் படத்தில் நுணுக்கமான புள்ளிகளும் தெரியும், அணுக்களின் இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். 1983இல், விண்வெளி ஓடத்தில் ஏற்றிச் சென்ற ஸ்பேஸ்லாப் ஆய்வகத்தின் பயணத்திலேயே லைசோசைமை வைத்து இதை முயன்று பார்த்தார்கள்.

சரி, எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடலாமா? வேண்டாம் என்பேன். கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கில் 2 லட்சத்துக்கும் மேல் கட்டமைப்புகள் இருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை தரையில் செய்த வேலை. புரதத்தை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் படிகமே தேவையில்லை. விண்வெளி நிலையத்திலும் ஆட்டம் உண்டு, வீரர்கள் உடற்பயிற்சி செய்தாலே அதிரும். தரையில் படிகமாகியும் படம் மங்கலாக வரும் புரதத்துக்கு இது உதவலாம். ஹைட்ரஜன் அணுக்களைப் பார்க்க நியூட்ரான் கற்றைக்குப் பெரிய படிகம் வேண்டும், அதற்கும் உதவலாம். தரையில் படிகமே ஆகாததை ராக்கெட்டில் ஏற்றினால் பெரும்பாலும் செலவுதான் மிஞ்சும்.

என் புரதமா? அதன் நுனியில் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்த வால்துண்டை நீக்கிச் செய்து பார்த்தோம். அதே குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்பதாம் நாள் படிகமானது.