உணர்வில்லாத தோலுக்கு ஒத்தடம் வேண்டாம்

கேள்வி: தென்னை ஏறும் தொழிலாளியான என் கணவர், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவையும் உணர்வையும் இழந்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சில நாட்களாக வால் எலும்புப் பகுதியில் தோல் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. மாமியார் அங்கே எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். இது சரிதானா? பகலில் நான் ஒருத்தியாக அவரைப் புரட்டுவது எப்படி?
– வாசகி, கருங்கல்

பதில்: சகோதரி, ஒத்தடத்தையும் தேய்ப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் நம் மாவட்டத்தில் தலைமுறைகளாக இவை பயன்பட்டு வருவதால், தங்கள் மாமியார் அன்போடுதான் இதைச் செய்கிறார். ஆனால், உணர்வில்லாத தோல் சூடு தாங்காமல் வெந்துபோனாலும் தங்கள் கணவருக்குத் தெரியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கி இரத்த ஓட்டம் குறைந்த சதையைத் தேய்த்தால், உள்ளே நைந்திருக்கும் பகுதி மேலும் சிதையும்.

நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். அப்போதும் அது வெளுக்காமல் இருந்தால், படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று கொள்ள வேண்டும். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் பாருங்கள். இந்நிலையில் முதன்மையான சிகிச்சை, அங்கே பாரம் விழாமல் காப்பதுதான். ஆகவே, மல்லாந்து படுக்க வைப்பதைத் தவிர்த்து, இரவிலும்கூட 2 மணி நேரத்திற்கு ஒருமுறை வலமும் இடமுமாக மாற்றுங்கள். முழுவதும் ஒருக்களித்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும், குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்றும் வையுங்கள். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை விடக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை, சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால், வேண்டவே வேண்டாம்.

முதுகுத்தண்டை எந்த அளவு அசைக்கலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு, கணவர் திரும்ப வேண்டிய பக்கத்தில் நின்று, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தங்களை நோக்கி உருட்டுங்கள். கைகளில் வலு இருப்பதால் கட்டில் சட்டத்தைப் பிடித்து அவரும் உதவலாம். தலைமாட்டுப் பக்கம் நகர்த்துவதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். இழுத்தால் தோல் உரசிக் கிழியும். நான்காக மடித்த பருத்தி வேட்டியை அடியில் விரித்து, இருவராகத் தூக்கி நகர்த்த வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் துணி சரியாகக் காயாது. ஈரம் நின்ற விரிப்பு தோலை ஊற வைத்துவிடும் என்பதால் மாற்று விரிப்புகளைக் கூடுதலாக வைத்திருங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ, திட்டப் பணியாளர்கள் வரும் நாளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.