கை பெரிதாகிப்போனது ஏன்?

கேள்வி: ஜெர்மன் ஓவியர் வில்ஹெல்ம் லைபிளின் ‘தேவாலயத்தில் மூன்று பெண்கள்’ படத்தைப் பார்த்தேன். முன்னால் அமர்ந்திருக்கும் இளம்பெண்ணின் கை அவள் முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கிறது. கைதேர்ந்த ஓவியருக்கு இப்படி அளவு பிசகுமா?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். முகவாயிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை எவ்வளவோ, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை கையும் ஏறக்குறைய அவ்வளவு என்று முப்பது ஆண்டுகளாக என் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். இந்தப் படத்தில் அந்தக் கணக்கு உதைக்கத்தான் செய்கிறது.

லைபிள் வேலை செய்த முறைதான் காரணம். 1878இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் பெர்ப்லிங் கிராமத்துத் தேவாலயத்துக்குள்ளேயே, அவ்வூர்ப் பெண்களை எதிரில் உட்காரவைத்து வரைந்தார். முன்கூட்டிக் கோடு போட்டுக்கொள்வதில்லை. ஒரு சிறு இடத்தை முற்றாக முடித்த பிறகே அடுத்த இடத்துக்குப் போவார். இப்படி நெருங்கி அமர்ந்து துண்டு துண்டாக வரையும்போது, அருகில் இருப்பது பெருத்துவிடும். அவள் கை அப்படித்தான் பெருத்தது.

ஆனால் அதே நெருக்கம் கொடுத்ததையும் பாருங்கள். ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். 113 சென்டிமீட்டர் உயரமுள்ள மரப்பலகை, அவ்வளவுதான். இளம்பெண்ணின் உடையில் ஓடும் கட்டங்கள் துணி மடியும் இடத்திலெல்லாம் கூடவே வளைந்து, குறுகி, மறுபடி விரிகின்றன. நடுவில் இருக்கும் மூதாட்டியின் விரல் கணுக்கள் உழைத்து உழைத்துப் புடைத்தவை. அந்த விரல்கள்தான் பிரார்த்தனைப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருக்கின்றன. பெர்ப்லிங் தேவாலயம் ரொக்கோகோ என்னும், வளைவுகளும் பூவேலைகளும் நிறைந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் கட்டிய அலங்காரமான கட்டடம். அதில் லைபிள் எடுத்துக்கொண்டது ஒரு வெறுஞ்சுவரையும் இருக்கையின் செதுக்குவேலையையும் மட்டுமே. எனக்கு அதுவே போதும்.

தன் படத்தில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ளும் மனிதரும் அல்லர் அவர். பின்னாளில் வரைந்த ‘கள்ள வேட்டைக்காரர்கள்’ படத்தைத் தம் கையாலேயே துண்டுகளாக வெட்டிப்போட்டார். இதை வெட்டவில்லை. வரைந்துகொண்டிருந்த காலத்தில் குடியானவர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டுத் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள் என்று தாயாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.