உளுந்துக்குப் பின் ஆட்டுக்கிடை

கேள்வி: உளுந்து எடுத்ததும், எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட ஆசை. ஆட்டு மந்தையோடு ஊர் ஊராக வரும் கீதாரிகள் இப்போதும் வருகிறார்களா? எத்தனை இரவு போடலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வருகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து சம்பா அறுவடைக்குப் பின் செம்மறிகளோடு டெல்டாவுக்கு வந்து, குறுவை தொடங்குமுன் கிளம்பிவிடுவார்கள். போர்வெல் தண்ணீரில் கோடையிலும் நடவு நடப்பதால் அவர்களுக்குத் தரிசு கிடைப்பதே பெரும்பாடு. உங்களைப் போன்றவர்கள் அழைத்தால் அது பெரிய உதவி.

பெரிய ஆடு ஓர் இரவில் சுமார் அரைக் கிலோ புழுக்கை போடும். 500 ஆடு, ஏக்கருக்கு 4 இரவு என்றால் ஒரு டன். ஆடுகளை அடைக்கும் வலைப்பட்டியைத் தினமும் இடம் மாற்றச் சொல்லுங்கள். ஒரே மூலையில் நின்றால் அங்கு மட்டும் பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும். பலரும் கோட்டை விடுவது உழவில்தான். ஆட்டு மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம்; வெயிலில் கிடந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிடை நகர்ந்த மறுநாளே மேலாக ஓர் உழவு ஓட்டுங்கள்.

கோடை மழை பெய்தால் கிடையை நிறுத்துங்கள். களிமண் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், மண்ணும் இறுகும். பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் கீதாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குட்டிகளை அடைக்கும் குடாப்புக்கு மேடான இடமும், குடிக்க மோட்டார் தண்ணீரும் கொடுங்கள். கூலி, பணமோ நெல்லோ, இரவுக் கணக்கில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.