குரல் பதிவை அழிக்காதீங்க

சகோதரி, உங்க 16 வயசு மகள் 'அக்கா'ன்னு கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பொண்ணு ரத்தப் புற்றுநோயில் இறந்து ஆறு வாரம் ஆச்சு. மகள் ராத்திரியெல்லாம் அந்தப் பொண்ணோட வாட்ஸ்அப் குரல் பதிவையே கேக்குறா, அழிச்சிடலாமான்னு கேட்டிருந்தீங்க.

வேண்டாம். மகளுக்குத் தெரியாம அழிச்சா அது இன்னொரு இழப்பு. போன் தொலைஞ்சாலும் போயிடும், அதனால மகளோட உட்கார்ந்து பத்திரப்படுத்துங்க: ஆண்ட்ராய்டு போன்ல அந்த உரையாடலைத் திறந்து, மேலே மூணு புள்ளி, 'மோர்', 'எக்ஸ்போர்ட் சாட்', 'இன்க்ளூட் மீடியா'. கூகுள் டிரைவில் போட்டதும் ஒரு பதிவையாவது திறந்து ஒலிக்குதான்னு பாருங்க.

ரத்த உறவு இல்லைங்கிறதால அவகிட்ட யாரும் துக்கம் விசாரிச்சிருக்க மாட்டாங்க. பெரிய வலியே அதுதான். அந்தப் பொண்ணோட பேரைச் சொல்லியே பேசுங்க. 'பரீட்சை வருது, மறந்துடு'ன்னு மட்டும் சொல்லாதீங்க. கடைசி வாரம் பார்க்கப் போகலைங்கிற குற்ற உணர்ச்சி, தனக்கும் புற்றுநோய் வருமோங்கிற பயம், ரெண்டும் இந்த வயசில் வாய்விட்டு வராது, நீங்கதான் கேக்கணும்.

சாப்பாடும் தூக்கமும் ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டா மருத்துவரைப் பாருங்க. 'நானும் போயிடணும்'னு சொன்னா அன்னிக்கே, 'சாகணும்னு தோணுதா?'ன்னு நேராக் கேளுங்க. கேக்கிறதால அந்த எண்ணம் வராது. தனியா விடாதீங்க. 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.