காப்பிக்கடை வைஃபையில் வந்த எச்சரிக்கை

இந்திராநகர் காப்பிக்கடை வைஃபையில் வங்கித் தளத்தைத் திறந்ததும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்ததாகவும், பயந்து மூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூடியது ரொம்பச் சரி. கடவுச்சொல்லைத் தட்டவில்லை என்றால் அது யார் கைக்கும் போயிருக்காது.

பெரும்பாலும் நடப்பது இது: செல் நம்பரும் ஓடிபியும் கேட்கும் வைஃபை நுழைவுப் பக்கம் குறுக்கே புகுந்து, வங்கியின் இடத்தில் தான் பதில் சொல்லப் பார்க்கும். அதனிடம் வங்கியின் சான்றிதழ் (தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) இருக்காது, பிரவுசர் பிடித்துவிடும். திருடன் புகுந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். அதனால் 'தொடர்க' என்பதை அழுத்தவே அழுத்தாதீர்கள்.

முதலில் வைஃபைக்குள் நுழைந்துவிட்டு, அப்புறம் வங்கி முகவரியை நீங்களே தட்டுங்கள். எச்சரிக்கை இல்லாமல் எச்டிடிபிஎஸ்ஸில் (https என்று தொடங்கும், தகவலைப் பூட்டி அனுப்பும் இணைப்பில்) திறந்தால், அதே வைஃபையில் நோட்டம் விடுபவருக்கு எந்த வங்கி என்பது தெரியலாம், கடவுச்சொல் தெரியாது. மறுபடி எச்சரிக்கை வந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன்.