பூம்புகார், தரங்கம்பாடி, நாகை: மூன்று பழைய துறைமுகங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மயிலாடுதுறையில் தங்கி, காலையிலேயே பூம்புகார் போய்விடுங்கள்.

பலரும் கடற்கரைக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு இதுதான் பழைய புகார் என்று திரும்பிவிடுகிறார்கள். அது 1970களில் கட்டியது. அசல் சான்று கீழையூரில், கடலை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது: அகழாய்வில் கிடைத்த செங்கல் படகுத்துறை. படகு கட்ட நட்ட மரத்தூண்களும் அங்கே கிடைத்தன. பல்லவனேசுவரத்தில் புத்த விகாரத்தின், அதாவது புத்தத் துறவிகள் தங்கிய மடத்தின், அடித்தளம் உண்டு. இரண்டும் சிறியவை, எளிதில் தவறவிடுவீர்கள். ஊராரிடம் வழி கேளுங்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.

மிச்ச நேரத்தில் பெரும்பகுதியைத் தரங்கம்பாடிக்குக் கொடுங்கள். டேனியர் 1620இல் எழுப்பிய கோட்டை, 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்தது போக மிஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம்தான். மண்டை பிளக்கும் வெயில். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

நாகையில் சூடாமணி விகாரம் என்ற பழைய புத்த மடத்தைத் தேடி அலையாதீர்கள். எஞ்சியிருந்த கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த புத்தர் செப்புச் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நேரம் போதாவிட்டால் நாகையை விட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிளம்பாதீர்கள்.