சாட்சி சொன்னால் ஆளுக்கொரு பதில்: உபதேசியாரிடம் கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் பல வருடம் உபதேசியாராக, அதாவது சபையாருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஊழியராக, இருந்தவன் நான். இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: விசுவாசத்தைச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்களே, என்ன செய்வது?

கல்லூரி மாணவர்: ஐயா, ஹாஸ்டலில் இயேசு என்று ஆரம்பித்தாலே "வந்துட்டாருப்பா பாஸ்டர்" என்று கிண்டல் செய்கிறார்கள். நான் சொல்லும் விதம் தப்பா?

தம்பி, அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் இயேசுவைப் பற்றிப் பேசிய அப்போஸ்தலர் பவுலுக்கும் இதுதான் நடந்தது. உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி போன்ற சிலர் விசுவாசித்தார்கள். பேசியவர் ஒருவர், பேச்சும் ஒன்றுதான். ஆகவே கிண்டலை வைத்து உன்னை எடைபோடாதே. ஆனால் ஒவ்வொரு முறையும் நீயாகவே ஆரம்பிக்கிறாய் என்றால், கொஞ்ச நாள் நிறுத்து. அறையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கிக் கொடு. அதை வைத்துப் பிரசங்கம் பண்ணாதே.

குடும்பத்தலைவி, கோவை: அண்ணா, பக்கத்து வீட்டு அக்கா பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இயேசு படமும் இருக்கிறது. "எல்லா சாமியும் ஒண்ணுதான்" என்கிறார். மேலே என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

தங்கச்சி, நம் ஊரில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். முகத்துக்கு நேரே மறுப்பவரிடம் பேசுவதைவிட இது கடினம். படத்தை எடுக்கச் சொல்லிவிடாதே, அவர் ஆசையாக மாட்டி மல்லிகைச் சரம் போட்டு வைத்திருப்பது. "இவரிடம் என்ன வேண்டிக்கொள்வீங்க அக்கா?" என்று கேள். ஒரு வீட்டில் நான் அப்படிக் கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, செத்துப்போன மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கு நான் வேதத்தைத் திறக்கவே இல்லை.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். பிறகு தமிழர்களிடம் அவர்களுடைய சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றிக் கேள்வி கேட்டு எழுதி, அவர்கள் போட்ட பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். சொல்ல வந்தவரே கேட்கவும் செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதற்காக வித்தியாசத்தை மறைக்காதே. உனக்கு இயேசு யார் என்று அக்கா கேட்கும் நாளில், நம்புவதை நேராகச் சொல். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று இயேசுவின் சீஷர் பேதுரு எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதே.

செவிலியர்: வார்டில் நோயாளிகளிடம் சொல்லலாமா ஐயா?

வேண்டாம் மகளே. படுக்கையில் கிடப்பவரால் எழுந்து போக முடியாது. ஊசிக்கும் மருந்துக்கும் உன் கையை எதிர்பார்த்திருப்பவர் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்? அவராகவே ஜெபிக்கச் சொன்னால் ஜெபி.

ஒரு சகோதரி: கல்யாணமாகி இருபது வருடம். கணவர் ஞாயிறுதோறும் பைக்கில் கொண்டுவந்து விடுவார், ஆலயத்துக்குள் வரமாட்டார். ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் பேப்பர் படிப்பார். மழை என்றால் குடையோடு வாசலில் நிற்பார். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அம்மா, இனிச் சொல்ல வேண்டாம். இப்படிப்பட்ட கணவருக்கு மனைவியின் நடக்கையே போதும், போதனை வேண்டாம் என்பதுதான் பேதுரு சொன்னதும். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமுவைப் பாருங்கள். யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தில் ராத்திரியில் இயேசுவிடம் வந்து கேள்வி கேட்டார். விசுவாசித்தார் என்று அங்கே எழுதவில்லை. 7ஆம் அதிகாரத்தில் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் நடுவில் இயேசுவுக்காக ஒரு வார்த்தை பேசினார். 19இல், சீஷர்கள் சிதறிப்போயிருந்த வேளையில், ஏறக்குறைய நூறு ராத்தல் போளம் என்னும் வாசனைப் பொருளைக் கொண்டுவந்து, இயேசுவின் உடலை அடக்கம் செய்வதில் பங்கெடுத்தார். அந்தக் குடைக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களா?

ஒரு வாசகர்: நான் கிறிஸ்தவன் இல்லை. கூட்டத்துக்கு வரச்சொல்லி நண்பர் விடாமல் கூப்பிடுகிறார். மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

நேராகவே சொல்லிவிடுங்கள். இயேசுவிடம் வந்த ஆஸ்திக்காரன், அவர் சொன்னதைக் கேட்டுத் துக்கத்தோடு திரும்பிப் போனான். இயேசு அவன்மேல் அன்புகூர்ந்தவர்தான், ஆனாலும் துரத்திக்கொண்டு ஓடவில்லை. உங்கள் நண்பருக்கும் தெரிந்த பகுதிதான் அது. சில நாள் அவர் முகம் வாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், தனக்கு உயிரான ஒன்றை உங்களிடம் கொண்டுவந்தவர் அவர். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் தட்டாமல் போய்வாருங்கள்.